ஃபீஸ் சம்பளமாக மாறும்போது

கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவரை ஒரு நாள் கம்பெனி கூப்பிட்டு, "உங்களை பெர்மனென்ட் ஆக்குகிறோம். இப்போது வாங்குகிற அதே தொகைதான், எதுவும் குறையாது" என்று சொல்லும். கேட்கும்போது மனசு நிறைந்துவிடும். ஆனால் மாதம் ஒன்றரை லட்சம் ஃபீஸ் வாங்கியவருக்கு, வருடத்துக்கு 18 லட்சம் சி.டி.சி. (ஊழியருக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை) என்று ஆஃபர் லெட்டர் கொடுத்தால், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் ஏறுவது சுமார் 1,18,000 ரூபாய். மாதம் 32,000 காணோம். அதில் எவ்வளவு உண்மையிலேயே போய்விட்டது, எவ்வளவு வேறு பெயரில் நம்மிடமே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கட்சி.

நான் சென்னையில் மென்பொருள் துறையில் பல வருடங்கள் கன்சல்டன்டாக இருந்துவிட்டு, அதே கம்பெனியில் பெர்மனென்ட் ஆனவன். 2025 ஜூனில் என் டீமில் இருக்கும் தம்பி ஒருவருக்கும் அதே மாதிரி லெட்டர் வந்தது. "அண்ணா, சைன் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். கீழே வருவது பெரும்பாலும் அன்று போட்ட கணக்குதான். தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை, பிரிவு எண்கள் 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2025-இல் நிறைவேறிய புதிய சட்டத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் எண்கள் மாறுகின்றன, அதனால் எண்ணை விட விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கன்சல்டன்ட் பக்கம். வரிச் சட்டத்தின் பார்வையில் அவர் ஊழியர் இல்லை, தொழில் செய்பவர். மாதம் ஒரு பில் கொடுக்கிறார். கம்பெனி 194ஜே பிரிவில் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டிய வரி, பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. ஒன்றரை லட்சத்துக்கு பில் கொடுத்தால் 1,35,000 வரும். வருடக் கடைசியில் ரிட்டர்ன் போடும்போது 44ஏ.டி.ஏ. என்ற பிரிவு கைகொடுக்கிறது. 2016-17 நிதியாண்டிலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற சில தொழில்களில் இருப்பவர்கள், வருடத்துக்கு 50 லட்சம் வரை வரவு இருந்தால், அதில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். ரொக்கமாக வாங்கியது மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 75 லட்சம். செலவுக்கு ரசீது காட்ட வேண்டாம், கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம்.

இப்போது 18 லட்சத்தில் பாதி 9 லட்சம். புதிய வரி முறையில் (விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு) 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யம். அதாவது கம்பெனி பிடித்துக் கட்டிய 1,80,000 ரூபாயும் அப்படியே திரும்ப வரும். நாங்கள் கன்சல்டன்டாக இருந்தபோது ரீஃபண்ட் வருகிற மாதம்தான் எங்களுக்கு போனஸ் மாதம். ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாம் அதை நம்பித்தான் நிற்கும்.

அதே 18 லட்சம் சம்பளமாகும்போது இந்தப் பாதிக் கணக்கு மொத்தமாகக் காணாமல் போய்விடுகிறது. சம்பளக்காரருக்குச் சட்டம் தருவது 75,000 ரூபாய் நிலையான கழிவு மட்டும். பழைய முறை என்றால் 50,000. கன்சல்டன்டுக்கு 9 லட்சத்தைக் கேள்வி கேட்காமல் கழித்துக்கொள்ள விட்ட அதே சட்டம், அதே மேஜையில் அதே வேலையைச் செய்யும் ஊழியருக்கு 75,000-தான் கழிக்க விடுகிறது.

தம்பியின் லெட்டரைப் பிரித்துப் போட்டோம். அடிப்படைச் சம்பளம் சி.டி.சி.யில் பாதி, 9 லட்சம். அதில் 12 சதவீதம் கம்பெனியின் பி.எஃப். பங்கு 1,08,000. வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம் என்று 43,290. இந்த இரண்டும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். அதாவது கம்பெனியின் பங்கு என்று பெயர் இருந்தாலும் நம் 18 லட்சத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். மீதி 16,48,710 அவருடைய மொத்தச் சம்பளம். நிலையான கழிவு போனால் வரிக்குரியது 15,73,710. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10, 16 லட்சம் வரை 15. வரியின் மேல் போடும் செஸ் 4 சதவீதமும் சேர்த்து வரி 1,20,699 ரூபாய். அப்புறம் ஊழியரின் பி.எஃப். பங்கு இன்னொரு 1,08,000, சென்னை மாநகராட்சிக்குத் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 வீதம் 2,500. எல்லாம் போக வருடத்துக்குக் கையில் 14,17,511. பன்னிரண்டால் வகுத்தால் 1,18,000 சொச்சம்.

வருடத்துக்குக் குறைகிற 3,82,489 ரூபாயைப் பார்த்ததும் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் அதில் 2,16,000 பி.எஃப். அது அவருடைய பணம். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள், கம்பெனி தன் பங்கைப் போடும்போது அதற்கும் வரி கிடையாது. ஊழியர் தன் பங்காக வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் போட்டால்தான் அந்தக் கூடுதலுக்கான வட்டிக்கு வரி, இங்கே அந்தக் கவலை இல்லை. ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன்னால் எடுத்தால் மட்டும் வரி வரும். முன்பு எங்கேயாவது வேலை பார்த்து யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண் இருந்தால் அதையே கொடுத்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும், பழைய சேவையும் அந்த ஐந்து வருடத்தில் சேரும். புதிதாக இன்னொரு எண் எடுத்துவிட்டுப் பிறகு இரண்டையும் சேர்க்க அலைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

கிராஜுவிட்டி 43,290 வேறு கதை. ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். நாலு வருடத்தில் வேறு கம்பெனிக்குப் போனால் பொதுவாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் வருடாவருடம் சி.டி.சி.யில் அதைக் காட்டுவார்கள். என்னைப் பொறுத்தவரை ஆஃபரை ஒப்பிடும்போது அந்த வரியை அடித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கன்சல்டன்டாக இருந்த வருடங்களைச் சேவைக் காலத்தில் சேர்ப்பீர்களா என்று கேட்டுவிடுவதும் நல்லது. பெரும்பாலும் மாட்டோம் என்றுதான் பதில் வரும், ஆனால் லெட்டர் கையெழுத்தாகும் முன் கேட்டால் சில இடங்களில் லீவுக் கணக்குக்காவது சேர்க்கிறார்கள்.

ஆக, உண்மையிலேயே போவது வரியும் கிராஜுவிட்டியும்தான், வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். தொழில் வரியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கத் தேவையில்லை. சொந்தத் தொழில் செய்பவரும் அதைக் கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம், மாநகராட்சி தேடி வந்து கேட்பதில்லை, அவ்வளவே.

இந்த இடத்தில் சிலர் சொல்வதுண்டு, கன்சல்டன்டுகள் இத்தனை நாள் வரியில் சலுகை அனுபவித்தார்கள், இனி எல்லாரையும் போல கட்டட்டும் என்று. எனக்கு இந்தப் பேச்சு கோபத்தை உண்டாக்குகிறது. பாதி வருமானத்துக்கு வரி இல்லை என்பதை மட்டும் பார்க்கிறவர்கள், காய்ச்சலில் படுத்த நாளுக்குப் பணம் இல்லை என்பதைப் பார்ப்பதில்லை. நான் இருந்த இடத்தில் பொங்கலுக்கு ஆபீஸ் மூடினால் ஊழியர்களுக்கு விடுமுறை, எங்களுக்கு அந்த நாட்கள் பில்லில் கழிந்துவிடும். குழு மருத்துவக் காப்பீடு இல்லை. என் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது பக்கத்து சீட்டுக்காரர் தன் அப்பாவுக்குக் காப்பீட்டில் செய்துகொண்டார், நான் சேமிப்பிலிருந்து கட்டினேன். கணிப்பொறி என்னுடையது, இன்டர்நெட் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது. சட்டம் பாதியைச் செலவு என்று எடுத்துக்கொள்வது இப்படிப்பட்ட ஆளை மனசில் வைத்துத்தான். செலவு உண்மையில் பாதி ஆகாமல் இருக்கலாம். ஆனால் லீவு, காப்பீடு, பி.எஃப்., நோட்டீஸ் காலம் எல்லாவற்றையும் தன் தோளிலேயே சுமக்கிறவருக்கு அது இனாம் இல்லை.

இதில் உண்மையான லாபம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். காலை ஒன்பதரைக்குள் பஞ்ச் பண்ண வேண்டும், லீவுக்கு மேனேஜரிடம் அனுமதி வாங்க வேண்டும், வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது, கம்பெனி மெயில், கம்பெனி அடையாள அட்டை. பேர் மட்டும் கன்சல்டன்ட். இப்படி வருடக்கணக்கில் ஒருவரை வைத்திருந்தால் கம்பெனிக்கு பி.எஃப். மிச்சம், கிராஜுவிட்டி மிச்சம், நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லும் சௌகரியமும் மிச்சம். பெயரை வைத்து முடிவு செய்யாதே என்று உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே சொல்லிவிட்டது. சௌராஷ்டிரத்தில் தாரங்கத்ரா கெமிக்கல் வொர்க்ஸ் என்ற நிறுவனத்தின் உப்பளங்களில் வேலை பார்த்தவர்களை அகரியாக்கள் என்பார்கள். அவர்களுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது, குடும்பத்தோடு பாத்தியில் இறங்குவார்கள், கூடுதல் ஆள் வைத்துக்கொள்ளவும் செய்வார்கள். நிறுவனம் அவர்களைத் தனி ஒப்பந்தக்காரர்கள் என்றது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். உப்புப் பாத்திக்காரருக்கே அப்படி என்றால், பஞ்ச் மெஷினில் விரல் வைத்துவிட்டு உள்ளே போகிறவரை என்னவென்று சொல்வது?

வரி அதிகாரியும் இதே கேள்வியைத் திருப்பிப் போடலாம். ஒரே கம்பெனியின் பெயரில் ஜூன் வரை 194ஜே, ஜூலையிலிருந்து சம்பளத்துக்கான 192 என்று, நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் அடுத்தடுத்து வரும். வேலை மாறவில்லை, மேஜை மாறவில்லை, பின்னே அதற்கு முன்னால் வாங்கியதும் சம்பளம்தானே என்று கேட்க இடம் இருக்கிறது. அதனால் கன்சல்டன்ட் ஒப்பந்தம், பில்கள், வேலைக்கான சொந்தச் செலவுகள் இவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பெர்மனென்ட் ஆகும்போது புதிய பதவிப் பெயர், புதிய பொறுப்பு, சேரும் தேதி எல்லாம் லெட்டரில் தெளிவாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும்.

அப்படியானால் எவ்வளவு கேட்பது? பி.எஃப். பணத்தையும் நம் பணமாகவே எண்ணி, கிராஜுவிட்டியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 18 லட்சம் ஃபீஸுக்குச் சமமாக வருவது ஏறத்தாழ 20 லட்சம் சி.டி.சி. இதற்குக் கீழே போனால் நஷ்டம் என்று அர்த்தம் இல்லை. சம்பளத்தோடு கூடிய லீவு இருக்கிறது, அப்பா அம்மாவையும் சேர்த்துக் காப்பீடு கொடுக்கும் கம்பெனி என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, கம்பெனி கொடுக்கும் காப்பீட்டு பிரீமியத்துக்கு நம்மிடம் வரியும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், 19 லட்சத்துக்கு மேலே எது கிடைத்தாலும் யோசிக்கலாம். 18-க்குத் தலையாட்டக் கூடாது. ஹெச்.ஆரிடம் "கொஞ்சம் ஏத்திக் கொடுங்க" என்று பொதுவாகக் கேட்பதற்கும், இத்தனை ரூபாய் வரி, இத்தனை ரூபாய் கிராஜுவிட்டி, இதனால் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தம்பியின் ஹெச்.ஆர். மேடம் பேசவே ஆரம்பித்தார்.

தொகையை ஏற்ற முடியாது என்று சொல்லும் கம்பெனியிடமும் ஒன்று கேட்கலாம். சி.டி.சி.க்குள்ளேயே ஒரு பகுதியைக் கம்பெனியின் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பங்காக மாற்றித் தரச் சொல்லலாம். புதிய முறையிலும் மிஞ்சியிருக்கும் மிகச் சில கழிவுகளில் இது ஒன்று, 80சி.சி.டி.(2). அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். 9 லட்சம் அடிப்படை என்றால் 1,26,000 ரூபாய், தம்பியின் வரி அடுக்கில் வருடத்துக்கு 19,656 ரூபாய் வரி மிச்சம். கம்பெனிக்கு இதில் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. அந்தப் பணம் பெரும்பாலும் 60 வயது வரை கட்டிப்போடப்படும் என்பதால் எல்லாருக்கும் ஒத்துவராது. வீட்டுக் கடன் முன்பணத்துக்குச் சேர்க்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். நாற்பதைத் தொட்டுவிட்டு ஓய்வுக்காலத்துக்கு ஒன்றுமே சேர்க்காத கன்சல்டன்டுக்குக் கட்டாயம் சொல்வேன்.

மாறுகிற அந்த ஒரு வருடம்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. தம்பியை ஜூலை 1-ஆம் தேதி சேரச் சொல்லியிருந்தார்கள். முதலில் வந்த லெட்டரின்படியே பார்ப்போம். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஃபீஸ் நாலரை லட்சம், அதில் பாதி 2,25,000 வருமானம். ஜூலையிலிருந்து மார்ச் வரை ஒன்பது மாதச் சம்பளம் 12,36,533, நிலையான கழிவு போக 11,61,533. சம்பளப் பிரிவுக்குத் தெரிந்தது இந்த இரண்டாவது தொகை மட்டும்தான். அது 12 லட்சத்துக்குள் இருப்பதால் மாதாமாதம் டி.டி.எஸ். பூஜ்யம். சம்பள ஸ்லிப்பைப் பார்க்கிறவர், ஆகா, நமக்கு வரியே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டையும் கூட்டினால் 13,86,533. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி போய்விட்டது. வரி செஸ்ஸோடு 91,499. ஃபீஸில் பிடித்த 45,000 இருக்கிறது, மீதி 46,499 ரூபாயை யாரும் பிடிக்கவில்லை. கட்ட வேண்டிய மீதி 10,000-ஐ எட்டினாலே அட்வான்ஸ் டேக்ஸ் கட்டியாக வேண்டும். 44ஏ.டி.ஏ.யில் இருப்பவருக்கு நாலு தவணை கிடையாது, மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி ஓட ஆரம்பிக்கும். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது இந்தத் தொகை திடீரென்று எழுந்து நிற்கும். அதுவும் இத்தனை வருடம் ரீஃபண்டையே பார்த்துப் பழகியவருக்கு அது பெரிய அடி.

இதே தம்பி அக்டோபர் 1-இல் சேர்ந்திருந்தால் கதையே வேறு. ஆறு மாத ஃபீஸில் பாதி நாலரை லட்சம், ஆறு மாதச் சம்பளம் கழிவு போக 7,49,355, கூட்டினால் 11,99,355. வரி பூஜ்யம், பிடித்த 90,000-உம் ரீஃபண்ட். மூன்று மாதம் தள்ளிச் சேர்வதில் இத்தனை ரூபாய் வித்தியாசம். சேரும் தேதி நம் கையில் இல்லை என்று எல்லாரும் எண்ணுகிறோம். கேட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போட கம்பெனிகள் பெரும்பாலும் சம்மதிக்கின்றன, அவர்களுக்கும் அது மிச்சம்தானே. ஆனால் காப்பீடு உடனே தேவைப்படும் குடும்பம் என்றால் வரிக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

தள்ளிப்போட முடியாதவர்கள் சேர்ந்தவுடனேயே சம்பளப் பிரிவுக்கு ஒரு மெயில் போடலாம். ஏப்ரலிலிருந்து வந்த தொழில் வருமானம் இவ்வளவு, அதில் பிடித்த டி.டி.எஸ். இவ்வளவு, இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு என் சம்பளத்தில் வரி பிடியுங்கள் என்று. 192(2பி) பிரிவு இதற்கு இடம் தருகிறது, வேறு இடத்தில் பிடித்த டி.டி.எஸ்.ஸையும் சொல்வதற்கு 12பி.ஏ.ஏ. என்று ஒரு படிவமே 2024 அக்டோபரில் வந்திருக்கிறது. சில சம்பளப் பிரிவுகளில் இதையெல்லாம் கேட்டால் விழிக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மல்லுக்கு நிற்பதை விட மார்ச் மாதம் இணையத்தில் நாமே கட்டிவிடுவது சுலபம்.

புதிய முறையா பழைய முறையா என்ற கேள்வியிலும் மாறுகிற வருடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. சம்பளம் மட்டும் வாங்குகிறவர் வருடா வருடம் ரிட்டர்னிலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறை வேண்டுமென்றால் 10-ஐ.இ.ஏ. படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், அதிலிருந்து புதிய முறைக்கு ஒரே ஒரு தடவை திரும்பலாம், அதற்கு மேல் தொழில் வருமானம் இருக்கும் வரை பழையதைத் தொட முடியாது. மூன்று மாதம் ஃபீஸ் வாங்கியிருந்தாலும் அந்த வருடம் நீங்கள் தொழில் வருமானம் உள்ளவர்தான். வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி என்று கழிக்க நிறைய இருப்பவர்கள், பெர்மனென்ட் ஆகிவிட்டோமே என்று ரிட்டர்னில் பழைய முறையை டிக் செய்தால் மட்டும் போதாது, அந்த வருடத்துக்கு அந்தப் படிவமும் வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து கவலையில்லை. ரிட்டர்ன் படிவமும் அப்படித்தான், மாறுகிற வருடத்துக்குச் சம்பளக்காரர்களின் ஐ.டி.ஆர்-1 ஆகாது. 44ஏ.டி.ஏ. என்றால் ஐ.டி.ஆர்-4, முழுக் கணக்கு எழுதுகிறவர் என்றால் ஐ.டி.ஆர்-3.

ஜி.எஸ்.டி. பற்றிச் சுருக்கமாக. சேவை தருகிறவருக்கு நம் ஊரில் வருடத்துக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை, தம்பிக்கும் எனக்கும் அந்தத் தொல்லை இருக்கவில்லை. பதிவு செய்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஊழியராகச் செய்யும் வேலை ஜி.எஸ்.டி.க்குள்ளேயே வராது என்பதால் பதிவை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். சும்மா விட்டுவிட்டால் மாதாமாதம் பூஜ்ய ரிட்டர்னும், போடாவிட்டால் தாமதக் கட்டணமும் தொடரும். ரத்தான பிறகு ஜி.எஸ்.டி.ஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னை மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். லேப்டாப் வாங்கியபோது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொண்டிருந்தால், லேப்டாப்பின் மிச்ச ஆயுளுக்கு உரிய பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

பெர்மனென்ட் ஆவதில் வரியைத் தாண்டிய ஒரு நல்லதும் இருக்கிறது, அது வரிக் கணக்கிலிருந்தே பிறப்பது. வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் கன்சல்டன்டிடம் இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். அதில் வருமானம் 9 லட்சம் என்றுதான் இருக்கும். வங்கிக்கு நீங்கள் 9 லட்சம் சம்பாதிப்பவர், கையில் 18 வருவது அவர்களுக்குக் கணக்கில்லை. வரியில் மிச்சப்பட்டது கடன் தகுதியில் குறைந்துவிடும். சம்பளக்காரருக்கு சில மாத ஸ்லிப்பும், கம்பெனி தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16-உம் இருந்தால் பேச்சு வேகமாக நகர்கிறது. தம்பி சிட்லபாக்கம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முடிவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியாக, கடைசி பில். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. நான் ஏப்ரல் 1-இல் சேர்ந்தேன், மார்ச் மாத பில்லுக்குப் பணம் மே மாதம் வந்தது. கம்பெனி மார்ச்சிலேயே செலவாக எழுதி டி.டி.எஸ்.ஸும் பிடித்துவிட்டது, ஏனென்றால் கணக்கில் எழுதுவது, பணம் கொடுப்பது இரண்டில் எது முதலில் நடக்கிறதோ அப்போதே பிடிக்க வேண்டும். பணம் வந்த வருடத்தில் அந்த வருமானத்தைக் காட்டினால் டி.டி.எஸ். ஒரு வருடத்திலும் வருமானம் அடுத்த வருடத்திலுமாகப் பிரிந்து நிற்கும். ரிட்டர்னில் டி.டி.எஸ்.ஸை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போக வழி இருக்கிறது, ஆனால் இந்த ஒரு பில்லுக்காக அடுத்த வருடமும் தொழில் வருமானம் உள்ளவராகவே இருக்க வேண்டும், ஐ.டி.ஆர்-4 போட வேண்டும். மயிலாப்பூரில் இருக்கும் என் ஆடிட்டர் சாரிடம் கேட்டேன். "மார்ச் வேலை, மார்ச் பில், மார்ச் டி.டி.எஸ். எல்லாத்தையும் அந்த வருஷத்துலயே காட்டி முடிச்சிடுங்க" என்றார். அப்படியே முடித்தேன். அடுத்த வருடத்து ரிட்டர்ன் வெறும் சம்பள ரிட்டர்னாக ஆனது.

தம்பி விஷயத்தில் அது வேறு விதமாக வந்தது. சி.டி.சி. 19 லட்சத்துக்கு ஏறியது, என்.பி.எஸ்.ஸுக்கும் சம்மதித்தார்கள், ஜூலையிலேயே சேர்ந்தார். ஜூன் மாத பில் ஆகஸ்ட் சம்பள ஸ்லிப்பில் அரியர்ஸ் என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒன்றரை லட்சம் சம்பளமாகக் கணக்கானால் முழுத் தொகைக்கும் வரி, ஃபீஸாகக் கணக்கானால் பாதிக்குத்தான். அவருடைய அடுக்கில் வித்தியாசம் 11,700 ரூபாய். பில் எண்ணையும் ஜூன் மாத ஒப்பந்தத்தையும் இணைத்து அக்கவுன்ட்ஸுக்கு மெயில் போடச் சொன்னேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது முறை அவர்களுடைய ஆடிட்டரையே கேட்டுவிட்டு செப்டம்பர் ஸ்லிப்பில் அதை எடுத்துவிட்டு, 194ஜே பிடித்துத் தனியாக அனுப்பினார்கள். அந்தக் காலாண்டுக்கான டி.டி.எஸ். சான்று, ஃபார்ம் 16ஏ, வந்ததும் 26ஏ.எஸ்.ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், 15,000 ரூபாய் சரியாக ஏறியிருந்தது.